மூன்றாவது காரணம்

பிரேக் சுவிட்ச் கட்டைவிரல் அளவே உள்ள சாமான். மிதிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும். இருபத்திரண்டு வருடமாக அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்கிறவை என்று நான் எழுதி ஓரங்கட்டிய சுவிட்சுகளில் முக்கால்வாசி உண்மை பேசியவை என்று எனக்குப் புரிவதற்கு ஒரு பெண்ணின் உயிர் போக வேண்டியிருந்தது.

என் பெயர் அம்சவேணி. சேலத்திலிருந்து தர்மபுரி போகிற சாலையில், கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் மின்பழுதுகளுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. அந்தத் திங்கட்கிழமை ஒரு வெள்ளை டாக்ஸியை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முன்பக்கம் நசுங்கியிருந்தது. கூடவே விபத்து விசாரணை அலுவலகத்தின் கடிதம். பிரேக் சுவிட்ச் சர்க்யூட்டில் பழுது என்று வண்டியின் நினைவில் ஒரு பழைய குறிப்பு இருக்கிறது, காலை எடுத்துவிட்டாலும் வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டும் க்ரூஸ் கன்ட்ரோலை அது பாதித்திருக்கலாம், சுவிட்ச் நல்ல நிலையில் இருந்ததா என்று வியாழக்கிழமைக்குள் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

இந்த மாடலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிகளில் மிதித்தால் எண்ணெய் அழுத்தம் நேராகப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். இதில் அப்படி இல்லை. இதில் மிதிப்பது மனு கொடுப்பது மாதிரிதான். மிதிக்குக் கீழே இரண்டு சுவிட்ச். ஒன்று கால் பட்டவுடன் பேசும். இன்னொன்று கொஞ்சம் அழுத்திய பிறகு பேசும். இரண்டும் ஆமாம் என்றால் வண்டி நிற்கும். ஒன்று ஆமாம், மற்றது இல்லை என்றால் யாரை நம்புவது என்று வண்டி யோசிக்கும். அதுவும் தனியாக யோசிக்காது. இந்த மாடலில் ஓடுகிற அத்தனை வண்டிகளின் அனுபவத்தையும் சேர்த்து வைத்துக் கற்றுக்கொள்ளும் மென்பொருள் ஒன்று கம்பெனியில் இருக்கிறது. அது சொல்வதைத்தான் எல்லா வண்டிகளும் கேட்கும். எங்கள் பட்டறையில் அதற்கு மாமியார் என்று பெயர். எல்லாவற்றையும் பார்க்கும், எதையும் மறக்காது, ஒருமுறை ஒருவரைப் பற்றி முடிவெடுத்துவிட்டால் மாற்றிக்கொள்ளாது.

டிரைவர் பஸ் பிடித்துப் பின்னாலேயே வந்து சேர்ந்தார். தீர்த்தகிரி, ஐம்பத்திரண்டு வயது. இருபத்தெட்டு வருடம் வண்டி ஓட்டியும் ஒரு கீறல்கூட விழாத ஆள் என்று பேர் எடுத்தவர். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், காலை ஒன்பதரை மணிக்கு, தர்மபுரியிலிருந்து அவர் திரும்பும்போது கரடிப்பாறைக் கணவாயின் வளைவில், முனியப்பன் கோயிலுக்குப் பொங்கல் வைக்க வந்த பாப்பாத்தி என்கிற பெண் நின்றிருந்த பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து பானையோடு சாலைக்கு வந்துவிட்டாள். முன்னால் இருக்கிற கேமரா அவளைப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளின் தாய். வண்டியின் பதிவேட்டில் மூன்று வரி இருந்தது: க்ரூஸ் இயங்குகிறது. வேகம் எழுபத்திரண்டு. பிரேக் இல்லை.

தூங்கிவிட்டான் என்று ஊர் சொன்னது. தீர்த்தகிரியின் மனைவி ஒரே ஒருமுறை, கண் அசந்துட்டியா என்று கேட்டாளாம். அவர் இல்லை என்றாராம். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லையாம். கேட்காமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னார்.

"மேடம், ஜெயிலுக்குப் போறதைப் பத்தி நான் பேச வரலைங்க. அந்தம்மா போயிருச்சு, அதுக்கு நான் எதுன்னாலும் அனுபவிக்கலாம். ஆனா நான் மிதிச்சனா இல்லையான்னு எனக்கே இப்பச் சந்தேகமா இருக்குதுங்க. மிதிச்ச மாதிரிதான் ஞாபகம். வண்டி இல்லைங்குது. ராத்திரியெல்லாம் இந்தக் காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறேன். அதை மட்டும் சொல்லிருங்க."

பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். இரண்டு சுவிட்சுக்கும் மின்சாரம் சரியாக வந்தது. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். பின்கள் புதுசு போல மின்னின, துரு இல்லை, ஈரம் இல்லை. வயரை அடியிலிருந்து நுனிவரை ஆட்டி ஆட்டி மீட்டரைப் பார்த்தேன், முள் அசையவில்லை. சூட்டில் மட்டும் தகராறு செய்யும் சுவிட்சுகள் உண்டு என்பதால், வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கும் தலைமுடி உலர்த்தும் மெஷினால் காட்டு காட்டென்று சூடு காட்டினேன். பிறகு கையாலேயே ஐந்நூறு தடவை மிதியை அமுக்கினேன். ஐந்நூறு தடவையும் இரண்டு சுவிட்சும் சரியாகப் பேசின.

சுவிட்ச் நன்றாக இருந்தால் டிரைவர் மிதிக்கவில்லை என்று ஆகிறது. அப்படித்தான் கடிதம் எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். நானும் அதையே எழுதிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சாப்பிடப் போக மனம் வரவில்லை.

இதே பழுதுக்காக எங்களிடம் வந்த வண்டிகளின் பழைய பட்டியலை எடுத்தேன். நூற்றுப் பதினேழு. எல்லாவற்றிலும் பரிசோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர். பழுது எந்த இடத்தில் வந்தது என்பதையும் வண்டி குறித்து வைத்திருக்கும். அதை நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. ஓடுகிற வண்டியில் வயர் எங்கே விட்டுப்போனால் என்ன என்ற நினைப்புதான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த இடங்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். நூற்றுப் பதினேழில் நூற்று ஒன்பது புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. கரடிப்பாறை வளைவு.

தீர்த்தகிரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் சாலையில் பள்ளம் ஏதாவது உண்டா, வண்டி தூக்கிப் போடுமா என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, நான் ஏதோ சின்னப்பிள்ளைக் கேள்வி கேட்டதுபோல என்னைப் பார்த்தார்.

"கோயில்ங்க மேடம். அந்த வழியா போற எவனும் அங்க காலை லேசா பிரேக்ல வைக்காமப் போக மாட்டான். ஒரு தொடு, அவ்வளவுதான். ஸ்டியரிங்கை ரெண்டு கையிலயும் புடிச்சிருக்கிறோம், கையெடுத்துக் கும்பிட முடியுங்களா? காலாலதான் கும்பிடோணும். எங்கப்பா லாரி ஓட்டறப்பவே அப்படித்தான்."

"க்ரூஸ் போட்டிருந்தாலுமா, அண்ணா?"

"போட்டிருந்தாலும்தான். அது விட்டுப்போனா திரும்பப் போட்டுக்குவோம். அதுக்காக முனியப்பனை விட முடியுங்களா?"

ஒரு தொடு. முதல் சுவிட்ச் ஆமாம் என்று சொல்லும், அழுத்தாததால் இரண்டாவது இல்லை என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகவில்லை. வண்டி பழுது என்று குறித்துக்கொள்ளும், க்ரூஸை விட்டுவிடும், எச்சரிக்கை விளக்கைப் போடும். டிரைவர்கள் விளக்கைப் பார்த்துவிட்டு எங்களிடம் வருவார்கள். நாங்கள் பார்த்தால் ஒன்றுமே இருக்காது.

ஒன்றுமே இல்லை என்று எழுதினால் கம்பெனி ஏற்காது. படிவத்தில் நான்கு காரணங்கள்தான் உண்டு. வயர், கனெக்டர், சுவிட்ச் பொய்த் தகவல் தருகிறது, டிரைவரின் பழக்கம். நான்காவதைப் போட்டால் டிரைவர் கையெழுத்துப் போட வேண்டும். என் காலையா குறை சொல்றீங்க என்று பட்டறையை இரண்டாக்கிவிடுவார்கள். வயர் என்றால் போட்டோ கேட்பார்கள், கனெக்டர் என்றாலும் கேட்பார்கள். மூன்றாவதுக்கு எதுவும் வேண்டாம். ஒரு புது சுவிட்சை மாட்டி, மூன்று என்று தட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் வண்டி வெளியே போய்விடும். நூற்றுப் பதினேழு தடவையும் நான் மூன்று என்றுதான் தட்டினேன். இந்த மாவட்டத்து சர்வீஸ் சென்டர்கள் எல்லாவற்றிலும் அதைத்தான் தட்டுவார்கள்.

மானேஜர் சுகவனம் சாரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான், ஆனால் எந்த விஷயத்தையும் அது தன் மேஜைக்கு வராமல் இருந்திருக்கலாமே என்று வருத்தப்படுகிறவர். நாலு மாதத்துக்கு முன்னால் வந்த மென்பொருள் புதுப்பிப்பின் கடிதத்தை அவருக்கு நினைவுபடுத்தினேன். சில இடங்களில் பிரேக் சுவிட்சின் பொய்த் தகவலால் க்ரூஸ் விலகும் தொல்லை தீர்க்கப்பட்டது என்று அதில் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் புகார் நின்றுபோனது. அன்றைக்கு அவர் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். எப்படித் தீர்த்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

"எப்படித் தீர்த்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" என்றார் சுகவனம்.

"அந்த வளைவுல பிரேக் சுவிட்ச் பொய் சொல்லும்னு நாமதானே சார் மாமியாருக்குச் சொல்லிக் கொடுத்தோம். அது கத்துக்கிச்சு. அங்க மட்டும் யார் மிதிச்சாலும் உடனே நம்பாது. கொஞ்ச நேரம் காத்திருந்து பாக்குது. நம்பாத தகவலைப் பதிவேட்டுலயும் எழுதறதில்லை."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இதை நிரூபிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். நிரூபித்தால் முதல் பெயர் உங்களுடையதாகத்தான் இருக்கும், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். அன்றிரவு என் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் சென்டரின் சொந்த வண்டியை எடுத்தேன். அதே மாடல். தீர்த்தகிரி பக்கத்தில் உட்கார்ந்தார். கணவாய் ஏறி, மேலே திரும்பி, விபத்து நடந்த திசையிலேயே கீழே இறங்கினோம். முன்கூட்டியே போய்ப் பூசாரி வையாபுரியிடம் பேசியிருந்தேன். அவர் சாலையோரம் கயிறு கட்டி, வந்திருந்த பத்துப் பதினைந்து பேரை உள்ளே நிறுத்தி வைத்திருந்தார். க்ரூஸை அறுபதில் வைத்தேன். தீர்த்தகிரி செல்போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். வேப்பமரம் தெரிந்தது, அடுத்து சிவப்பும் வெள்ளையும் பட்டையடித்த கோயில் சுவர், அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் முனியப்பன்.

முழுப் பலத்தோடு மிதித்தேன்.

மிதி கீழே போனது. வேறெதுவும் நடக்கவில்லை. மோட்டாரின் ஒலி மாறவில்லை, உடம்பு முன்னால் சாயவில்லை. கயிற்றுக்குப் பின்னால் நின்றவர்களின் முகங்கள் ஜன்னலைக் கடந்து போயின. ஒரு குழந்தை கையசைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணி முடித்த பிறகுதான் வண்டி, சரி போகட்டும் என்பதுபோல மெதுவாக வேகம் குறைந்தது. மூன்று விநாடி. ஐம்பது மீட்டர். தீர்த்தகிரி போன வேகத்தில் அறுபது மீட்டர். திரையில் அந்த மூன்று விநாடிக்கும் பிரேக் இல்லை என்றே இருந்தது.

ஓரமாக நிறுத்தினேன்.

"நீங்க மிதிச்சீங்க, அண்ணா," என்றேன். "வண்டி கேக்கலை."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். வெகு நேரம் அழுதார். பிறகு இறங்கிப்போய்க் கோயில் வாசலில் நிற்காமல், அந்தப் பெண் விழுந்த இடத்தில் போய் நின்றார்.

அன்று மாலையே அறிக்கையை எழுதினேன். சுவிட்ச் நல்ல நிலையில் இருக்கிறது, டிரைவர் மிதித்திருக்கிறார், என் முந்தைய நூற்று ஒன்பது பதிவுகள் தவறு, அவற்றை நான் சரிபார்க்காமல் எழுதினேன், இந்த வளைவில் வண்டிகள் பிரேக்கை நம்ப மறுக்கின்றன, உடனே மாற்றுங்கள் என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்து அனுப்பினேன். பதில் ஒரு நிமிடத்துக்குள் வந்தது.

'இந்த அறிக்கை இதே பரிசோதகரின் முந்தைய 109 அறிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை. பொய்த் தகவலாகக் கருதி விலக்கப்படுகிறது. காரணம்: 3.'

கம்பெனிக்குப் போன் செய்தேன். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். படிவம் வழியாக வந்தால் மட்டுமே பார்க்க முடியும் என்றார்கள். படிவம் யாரிடம் போகிறது என்று கேட்டேன். மென்பொருளிடம்தான் என்றார்கள். நாற்காலியைத் தூக்கித் திரையில் அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கவில்லை. சுகவனம் சார் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை தர்மபுரியில் விசாரணை. அலுவலர் என் வயதுக்காரர், பொறுமைசாலி. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். வீடியோவைப் பார்த்தார். அதில் திரையும் கோயில் சுவரும் தெரிந்தன. என் காலைப் படம் பிடிக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை.

"இதுலயும் பிரேக் இல்லைன்னுதானேம்மா காட்டுது," என்றார்.

அதைத்தான் சொல்கிறேன் என்றேன். அவர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு எதிரே 'நம்பகம்: குறைவு' என்று இருந்தது. வண்டியின் பதிவேட்டுக்கு எதிரே 'முழுமை' என்று இருந்தது.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்ல வரலை," என்றார் அவர். "நீங்களே நூத்தி ஒம்பது தடவை ஒண்ணு சொல்லியிருக்கீங்க, இன்னைக்கு ஒரு தடவை வேற சொல்றீங்க. ரெண்டும் ஒத்துப்போகலை. நாங்க யாரையாவது ஒருத்தரை நம்பித்தானே ஆகணும்."

தீர்த்தகிரியின் உரிமத்தை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போகும் என்றார்கள். தீர்த்தகிரி கோபப்படவில்லை. வெளியே வந்ததும், நான் மிதிச்சேன்னு உங்களுக்குத் தெரியுமில்லைங்க, அது போதும், வீட்டுல ஒருதரம் வந்து சொல்லிட்டுப் போங்க என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வருகிறேன் என்றேன். அவர் மனைவியை என்ன முகத்தோடு பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்புவதற்கு ஒரு டாக்ஸி பிடித்தோம். பின்னிருக்கையில் இருவரும் உட்கார்ந்தோம். டிரைவர் மாதையன் என்னைக் கண்ணாடியில் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். இரண்டு வருடமாக எங்களிடம் சர்வீஸுக்கு வருகிறவராம். எனக்கு யார் முகமும் நினைவில் நிற்காது, வயர்தான் நிற்கும். நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு, அடுத்து யாருக்கு எழுதுவது, எந்தப் பேப்பர்காரரைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கணவாய் இறக்கம் எப்போது ஆரம்பித்தது என்று நான் கவனிக்கவில்லை.

உடுக்கைச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அன்றைக்கு அமாவாசை. கோயிலைச் சுற்றி வேன்களும் டிராக்டர்களும் நின்றன. வையாபுரி கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து மண்ணில் கிடந்தது. சாலையின் இரண்டு பக்கமும் தலையில் பானையோடு பெண்கள்.

மாதையன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒண்ணு சொல்லோணும்னு இருந்தனுங்க மேடம். முன்னயெல்லாம் இந்த இடத்துல காலை வெச்சாப் போதும், க்ரூஸ் விட்டுப் போயிரும். மூணு தடவை உங்ககிட்டக் கொண்டுவந்தேன். நாலு மாசமா அந்தத் தொந்தரவே இல்லைங்க. அருமையா சரி பண்ணிட்டீங்க."

அப்போதுதான் அவருடைய இரண்டு கால்களையும் பார்த்தேன். அதே மாடல். வண்டி க்ரூஸில் தானாக ஓடிக்கொண்டிருந்தது. கால்கள் இரண்டும் சும்மா இருந்தன.

"க்ரூஸை அணைங்க," என்றேன். "உடனே அணைங்க."

"சரிங்க மேடம்," என்றார். எதற்கு என்று கேட்கவில்லை, நல்ல மனிதர். க்ரூஸை அணைக்க எல்லா டிரைவர்களும் என்ன செய்வார்களோ அதையே அவரும் செய்தார். காலை எடுத்து பிரேக்கில் வைத்தார்.

வேகம் குறையவில்லை. முன்னால், பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் ஒரு கையால் பானையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒரு சிறுமியை இழுத்தபடி சாலையில் இறங்கினாள்.

என் பக்கத்தில் தீர்த்தகிரியின் வலது கால், கீழே ஒன்றும் இல்லாத தரையை முழுப் பலத்தோடு மிதித்தது. என் காலும் மிதித்தது.